டீச்சரம்மாவுக்குச் சொன்னது

தீவுத் தலைநகரான சுவாவை ஒட்டிய நசினுவில் வசேமாதாவின் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பதினோரு வருஷமாக மைக் பிடிப்பவள் அவள்தான். "கோழிக்கால் இன்னைக்கு மட்டும்தான் இந்த விலை. மூணாவது வரிசையில சோப்பு ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாம். நீல வேன் யாருதுங்க, வழியை மறிக்குது, கொஞ்சம் எடுங்க" என்று அவள் வாசித்தால், வாங்க வந்தவன் வாங்குவான், வேடிக்கை பார்க்க வந்தவனும் ஒரு சோப்பையாவது தூக்கிக்கொண்டு போவான்.

இப்படிப்பட்டவளை விளம்பரப் பிரிவுக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளிக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு டிப்ளமோ வேண்டும் என்றார். அப்படித்தான் முப்பத்தொன்பது வயதில் வசேமாதா சுவாவில் விளம்பரமும் மக்கள் தொடர்பும் படிக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். எல்லோருக்கும் அவள் ஆன்ட்டி.

பிள்ளைகள் விளம்பரப் படம் எடுக்கலாம் என்று கனவோடு வந்திருந்தார்கள். முதல் பருவத்திலேயே தலையில் இறங்கியது தொடர்பியல் கோட்பாடு. பலகை நிறையக் கட்டங்களும் அம்புகளும்தான். ஒரு கட்டத்தில் அனுப்புகிறவர், இன்னொன்றில் பெறுகிறவர், நடுவில் தடம். மேலிருந்து வந்து குத்தும் ஒரு வளைந்த அம்புக்குப் பெயர் இரைச்சல். பாடம் எடுத்த மிஸ் பிலிப்பா ஹோபார்ட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரி, வசேமாதாவைவிடப் பத்து வயது சின்னவள்.

"இரைச்சல்னா என்ன? யாராவது ஒரு உதாரணம் சொல்லுங்க" என்றாள் மிஸ்.

"மழை, மிஸ்" என்றாள் வசேமாதா.

வகுப்பு சிரித்தது. தகரக் கூரையில் சுவா மழை விழும்போது பக்கத்தில் இருப்பவன் செத்துப்போனால்கூடத் தெரியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மிஸ்ஸும் சிரித்துவிட்டு, "மழையும்தான். ஆனா சத்தமே இல்லாத இரைச்சலும் உண்டு. ஒருத்தர் சொன்னதை நடுவுல இன்னொருத்தர் எடுத்துட்டுப் போறார்னு வெச்சுக்கங்க. போற வழியில ஒரு சொல் மாறிடுது. அதுவும் இரைச்சல்தான்" என்றாள்.

வசேமாதா அன்று எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. அந்த நடு ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்குத்தான் இருபது வருஷமாக அவள் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள்.

வசேமாதாவின் அண்ணன் அபிசாய் அவளுடைய வீட்டுக்குப் பின்னால், அதே வளவில், ஒற்றை அறை வீட்டில் இருந்தார். மனைவி போன பிறகு அங்கே வந்தவர். துறைமுகத்தில் கயிறு வீசும் வேலை. இந்தக் கப்பலிலிருந்து அந்தக் கப்பலுக்குக் கேட்கும்படி கத்தியே வளர்ந்த தொண்டை. அவள் சமைக்கும் சாப்பாட்டைத்தான் மூன்று வேளையும் சாப்பிட்டார். ஆனால் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

வகுப்பில் இதைச் சொன்னபோது மிஸ் பிலிப்பா பதறிப்போய், "அய்யோ, அப்படி என்ன சண்டை?" என்று கேட்டாள். பின்வரிசைப் பிள்ளைகளில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சண்டை போட்டால்தான் எங்கள் பக்கத்தில் பேசிக்கொள்வோம். வடக்குத் தீவில் அவர்கள் ஊரில் பெண் பிள்ளை வளர்ந்துவிட்டால் அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசுவது கிடையாது. அவர் முன்வாசலில் நுழைந்தால் அவள் பின்வாசலில் வெளியேறுவாள். அவர் உட்கார்ந்த பாயில் அவள் உட்காரமாட்டாள். ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் மரியாதையின் எடை அது. அவளுக்குப் பதினோரு வயதில் அண்ணன் கடைசியாக அவளிடம் சொன்னது, "சாரல் அடிக்குது, கதவைச் சாத்து." அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நல்லதாக ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று அவள் பல தடவை நினைத்திருக்கிறாள்.

ஆனால் ஒரே வளவில் இருந்துகொண்டு சேதி சொல்லாமல் எப்படி? அதற்குத்தான் இனோகே இருந்தான். வசேமாதாவின் கணவன், டாக்சி டிரைவர். அபிசாய்க்கு மச்சான். மச்சான்கள் இருவர் சேர்ந்தால் எங்கள் வழக்கம் வேறு. அங்கே கிண்டலைத் தவிர வேறு பேச்சே செல்லாது. மச்சானிடம் நல்ல வார்த்தை பேசினால் உனக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்பான். ஆக அண்ணன் தங்கைக்கு நடுவே ஓடிய எல்லாச் சேதியும் இந்தக் கோமாளியின் வாய் வழியாகத்தான் போய் வந்தது.

"உன் அண்ணன் சொல்றான், கிழங்கு இன்னைக்குக் கல்லு மாதிரி இருக்காம், கப்பல் நங்கூரத்துக்குப் பதிலா போடலாமாம்" என்பான். அவள் முகம் வாடும். அண்ணன் என்னதான் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரிய வழியே கிடையாது.

படிக்கப் போகிறேன் என்று அவள் சொல்லி அனுப்பியபோதும் அப்படித்தான் ஆயிற்று. அவள் மிகுந்த பயத்தோடு அனுப்பிய சேதி அது. அண்ணனுக்குப் பிடிக்காவிட்டால் போகவே கூடாது என்றுகூட நினைத்திருந்தாள். இனோகே போய்விட்டு ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "கிழவி ஆனப்புறம் பள்ளிக்கூடமா, அந்த வாத்தியார் பாவம்ங்கறான்" என்றான். ஒரு வாரம் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு கட்டணம் கட்டினாள்.

ஆகஸ்ட் மாதம் அபிசாயின் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. மாதக்கணக்காகக் கம்மிக் கிடந்த குரலை, கயிறு வீசிக் கத்தியதால் என்று எல்லோரும் விட்டுவிட்டிருந்தார்கள். வெளிநாட்டு மருத்துவர் குழு வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வரும். அடுத்த செவ்வாய்க்கிழமை குரல்வளையை எடுத்துவிடுவார்கள், உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனிமேல் பேச்சு வராது என்றார்கள்.

வசேமாதா பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்றுகொண்டு இதைக் கேட்டாள். அழவில்லை. ஒரே ஒரு ஆசைதான் அவளுக்கு எழுந்தது, அது எழுந்ததே வெட்கமாக இருந்தது. குரல் போவதற்கு முன் அண்ணன் அதிலேயே தனக்கென்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இனோகே கொண்டுவந்து கொடுக்கும் வார்த்தையாக அது இருக்கக் கூடாது. இதை யாரிடம் சொல்ல முடியும்? அண்ணனிடம் கேட்பதே வழக்கத்தை மீறுவது. கேட்டு அவர் மறுத்தால் அது இன்னும் கேவலம்.

அந்த வாரம்தான் மிஸ் பிலிப்பா வீட்டுப்பாடம் கொடுத்தாள். சொந்த வாழ்க்கையில் ஒரு சேதியை எடுத்துக்கொண்டு, அது யார் வாயில் கிளம்பி யார் காதில் சேர்ந்தது, வழியில் என்ன ஆனது என்று படம் வரைந்து வரவேண்டும். அனுப்பியவரிடம் நேரில் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்து கொண்டுவந்தால் கூடுதல் மதிப்பெண். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வசேமாதாவுக்கு மதிப்பெண் ஒரு பொருட்டே அல்ல. புதன்கிழமை காலையிலேயே தன் போனில் பதிவு செய்வது எப்படி என்று இனோகேவுக்கு மூன்று தடவை காட்டிக்கொடுத்தாள்.

"என்ன கேக்கணும்?"

"நான் படிக்கப் போறேன்னு நீங்க போய் சொன்னீங்கல்ல. அன்னைக்கு அவர் சொன்னது என்னன்னு கேளுங்க. சொல்லுக்குச் சொல் வேணும், வாத்தியாரம்மா கேக்கறாங்க."

"அதான் நான் வந்து சொன்னேனே!"

"நீங்க சொன்னது வேணாம். அவர் சொன்னது வேணும்."

கல்யாணமான நாளிலிருந்து இனோகே மேல் யாரும் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியதில்லை. போனை எடுத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போனான்.

திரும்பி வந்தவன் போனை மேசை மேல் வைத்துவிட்டு, காரைக் கழுவவேண்டும் என்று வெளியே போய்விட்டான். அந்தக் காரை அவன் முந்தின நாள்தான் கழுவியிருந்தான்.

வசேமாதா கதவைச் சாத்திக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். முதலில் நாற்காலி இழுக்கும் சத்தம். பிறகு அண்ணனின் குரல், மணலில் இழுத்த பலகை போலக் கரகரவென்று.

"என்னடா இது, போலீஸ்ல சேர்ந்துட்டியா?"

"வாயை மூடிட்டுப் பதில் சொல்லு. உன் தங்கச்சி படிக்கப் போறான்னு நான் வந்து சொன்னேன்ல, அப்ப நீ என்ன சொன்னே?"

"வாயை மூடிட்டு எப்படிடா பதில் சொல்றது? செவ்வாக்கிழமை வரைக்கும் பொறு, மூடிட்டே சொல்றேன்."

"சொல்லித் தொலைடா. வாத்தியாரம்மா கேக்கறாங்க."

"என்ன சொன்னேன்... இந்த வயசுல பள்ளிக்கூடம் போறாளா, அந்த வாத்தியார் குடுத்து வெச்சவர்னு சொன்னேன்."

"குடுத்து வெச்சவரா?"

"ஆமா. நீ போய் என்ன சொன்னே?"

"பாவம்னு சொன்னேன்."

"பாவமா! அடக் காட்டுப் பன்னி!"

"ரெண்டும் ஒண்ணுதானேடா! யாரை எதுக்குன்னு ஞாபகம் வெச்சுக்கறது! இங்கேருந்து அங்க போறதுக்குள்ள ரெண்டு நாய் குறுக்க வருது!"

வசேமாதா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். படிக்கச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு தேர்வுக்கும் போகும்போது அந்தப் 'பாவம்' கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நல்ல சொல் ஒன்று பின்வீட்டில் கிளம்பி, இருபது அடி தூரத்தில் இப்படியா அடிபட்டுப்போகும்? இன்னும் எத்தனை போயிருக்கும்? நங்கூரத்துக்குப் போடலாம் என்றது நிஜமாகவே அண்ணன் வாயில் வந்ததா?

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அபிசாய் தண்ணீர் கேட்டார். வெந்நீர், ஆறவைத்தது, அவசரமில்லை, மெதுவாகக் கொண்டு வா என்றார். இனோகேவின் காலடி தேய்ந்து போயிற்று. பிறகு கரகரத்த குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது.

"டீச்சரம்மா, என் பேரு அபிசாய். இந்த ஆள் போயிட்டான், இப்ப ஒழுங்கா பேசலாம். இது உங்களுக்குத்தான் சொல்றேன், வேற யாருக்கும் இல்ல. உங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு படிக்குது. அது சூப்பர் மார்க்கெட்டுல மைக்குல பேசும். நான் சனிக்கிழமை சனிக்கிழமை அங்க போவேன். மீன் டின் அடுக்கியிருக்கற பக்கம் நிப்பேன். அங்கதான் ஸ்பீக்கர் நல்லா கேக்கும். எனக்கு மீன் டின்னு புடிக்காதுங்க. வீட்ல ஒரு பெட்டி நிறைய கிடக்கு. சும்மா நின்னா செக்யூரிட்டிக்காரன் ஒரு மாதிரியா பாக்கறான், அதான் ஒண்ணு ஒண்ணா வாங்கிட்டு வந்துடறது."

இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார்.

"கோழிக்கால் விலை சொல்லும், கேட்டுட்டு வந்துடுவேன். நல்லா சொல்லும். எங்கம்மா மாதிரி, அவசரமே இல்லாம. இன்னொண்ணு டீச்சரம்மா. உங்க நாட்டுக்காரங்க எங்க பேரைப் படிக்கற லட்சணம் எனக்குத் தெரியும், கப்பல்ல நிறையப் பாத்திருக்கேன். அது பேரை நீங்க 'வசேமாக்கா'ன்னு படிப்பீங்க. அதுல வர்ற 'c'ங்கற எழுத்துக்கு எங்க பாஷையில 'த' சத்தம். நான் சொல்றேன், எழுதிக்கங்க. வசேமாதா." மூச்சு வாங்கியது. "வசேமாதா. கடைசியில நீட்டணும். வசேமாதா. அவ்வளவுதான். சரியா கூப்பிடுங்க. நாங்க எல்லாரும் ஆசையா வெச்ச பேரு."

வசேமாதா மேசையில் தலையைச் சாய்த்து, வாய்விட்டு அழுதாள். கல்யாணத்துக்கு அழாதவள், அம்மா போனபோது மற்றவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றவள். இனோகே ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றான்.

"நான் பாவம்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"பரவாயில்ல" என்றாள். நிஜமாகவே பரவாயில்லாமல்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மச்சான்கள் பேசிய பகுதியை வகுப்பில் போட்டாள். காட்டுப் பன்னிக்குப் பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். மற்றதை வகுப்பு கலைந்த பிறகு மிஸ் பிலிப்பாவுக்கு மட்டும் போட்டு, வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னாள். அவளுக்கென்று அனுப்பியதை அவளிடம் சேர்க்காமல் இருப்பது சரியில்லை. பெயர் வந்த இடத்தில் மிஸ்ஸின் முகம் காதுவரை சிவந்தது. அந்தப் பருவம் முழுக்க அவள் கூப்பிட்டது 'வசேமாக்கா'தான்.

"ஏன் ஒரு தடவைகூடத் திருத்தல?"

"நீங்க டீச்சர்" என்றாள் வசேமாதா.

வசேமாதா வரைந்திருந்த படத்தை மிஸ் கையில் எடுத்துப் பார்த்தாள். அண்ணன் ஒரு கட்டம், இனோகே ஒரு கட்டம், டீச்சர் ஒரு கட்டம், ஓரத்தில் சின்னதாக வசேமாதா. எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்த்துப் போயின.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா திரும்பிப் போற அம்பு ஒண்ணுகூட இல்லையே. அவருக்குப் பதில்?"

"நான் பேச முடியாது மிஸ்."

"அவரும் உங்ககிட்ட பேசலையே. என்கிட்டதானே பேசினார்" என்றாள் மிஸ் பிலிப்பா. ஹோபார்ட்டுக்காரிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை பிற்பகல், ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அபிசாயின் கட்டில் சன்னலோரம். கண்ணாடிப் பட்டை வைத்த சன்னலுக்கு வெளியே தாழ்வாரம், தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. இனோகே உள்ளே போய் மச்சானின் காலடியில் உட்கார்ந்தான். வசேமாதா அந்தப் பெஞ்சில், சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, போனைக் காதில் வைத்தாள். அதில் சார்ஜே இல்லை.

"ஹலோ, மிஸ் பிலிப்பாவா? நான்தான் மிஸ், வசேமாதா."

உள்ளே மச்சான்களின் பேச்சு சட்டென்று நின்றது.

"ஆமா மிஸ், அந்தப் பேருதான். எங்க அண்ணன் சொல்லிக்குடுத்தாரே, அப்படியேதான். இல்ல மிஸ், வீட்டுப்பாடத்துக்காகக் கூப்பிடல. எங்க அண்ணனைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

என்ன சொல்வது என்று மூன்று நாளாகச் சமைக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். அதில் ஒரு வரிகூட இப்போது வாயில் வரவில்லை.

"அவர் என் சமையலைக் குறை சொல்றதா நினைச்சிட்டிருந்தேன் மிஸ். ஆனா தட்டு ஒரு நாள்கூட மிச்சத்தோட வந்ததில்ல. நானே கவனிக்கல. அவருக்கு மீன் டின் புடிக்காதுன்னு தெரியாம வாராவாரம் நானும் மீன் டின்னுலயே ஒரு கறி வெச்சு அனுப்பிட்டேன், அதையும் சாப்பிட்டிருக்கார்." உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தது போல இருந்தது, அல்லது இருமியது. "இனிமே அவருக்குக் குரல் இருக்காதாம் மிஸ். இல்லாட்டிப் போகுது. எனக்கு அவர் வேணும், அவ்வளவுதான். சனிக்கிழமை அவர் வரணும். எந்த அலமாரிப் பக்கம் வேணும்னாலும் நிக்கட்டும், ஒண்ணும் வாங்க வேணாம். செக்யூரிட்டிக்காரர்கிட்ட நான் சொல்லி வெக்கறேன். அவர் அங்க நிக்கறார்னு தெரிஞ்சா நான்..."

பதினோரு வருஷம் மைக் பிடித்தவளின் குரல் ஈரத் துணி மாதிரி துவண்டு தாழ்ந்து, மழைக்குள் போயிற்று.

சன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. இருமலை அடக்கிக்கொண்டு, கரகரவென்று, ஆனால் துறைமுகத்தில் கத்திப் பழகிய தொண்டையில் மிச்சம் இருந்ததையெல்லாம் திரட்டிக்கொண்டு அபிசாய் பேசினார்.

"மச்சான், வெளிய ஒரு அம்மா டீச்சர்கிட்ட போன் பேசிட்டிருக்கு. கொஞ்சம் சத்தமா பேசச் சொல்லு. பாதியில விட்டுடுச்சு. எனக்கு மீதியும் கேக்கணும்."

இனோகே எழுந்து சன்னலருகே வந்தான். வசேமாதா திரும்பாமலே கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை மறு காதுக்கு மாற்றி, தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, மீதியைச் சொன்னாள்.